இல்லாத பிள்ளைக்கு ஏழு வயது

வாக்கு எண்ணி முடிந்து ஒன்பதாம் நாள், வெற்றி ஊர்வலத்தில் தூவிய வண்ணக் காகிதங்கள் இன்னும் சாக்கடையில் ஊறிக் கிடந்த நேரத்தில், காலை பத்தரை மணிக்கு, நெடுவரம்பு பேருந்து நிலையத்தில் வந்து நின்ற எட்டாம் நம்பர் டவுன் பஸ்ஸின் பின்படி வழியாக, உலகத்தில் எங்கேயும் பிறந்திராத சிறுமி ஒருத்தி இறங்கினாள். மஞ்சள் கவுன், ரெட்டைச் சடை, இடது கன்னத்தில் மச்சம், ஒரு காலில் மட்டும் கொலுசு. டிவியில் சொன்ன அடையாளத்தில் ஒன்றுகூடப் பிசகவில்லை. கண்டக்டர் அவளிடம் டிக்கெட் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த முகத்தை அவர் தன் போனிலிருந்து பதினெட்டு பேருக்கு அனுப்பியிருந்தார். டீக்கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு பன்னை எடுத்துக் கொடுத்து, "வந்துட்டியா தாயி, ஊரே உன்னைத் தேடுச்சே" என்றார். அவள் பன்னைத் தின்று முடித்து, கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு, "செய்தி வாசிக்கிற அக்கா வீடு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

செய்தி வாசிக்கிற அக்கா என்றால் நெடுவரம்பில் கோமளவல்லி ஒருத்திதான். முப்பத்தெட்டு வயது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் நாலு வருஷத்துக்கு முன்னால் போன் செய்வதை நிறுத்திவிட்டான், பிள்ளை இல்லை, கடைவீதியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்துகொண்டு, கீழ்த்திசை டிவி என்ற உள்ளூர் கேபிள் சேனலில் பதினோரு வருஷமாகச் செய்தி வாசித்துவந்தாள். அவள் குரலைக் கேட்டால்தான் நெடுவரம்பில் பல வீடுகளில் சாப்பாட்டுத் தட்டு வைப்பார்கள். சேனலின் முதலாளி நாச்சியப்பன், தேர்தலில் நின்ற பூபாலனுக்கு மைத்துனர்.

ஓட்டுப்போட ஆறு நாள் இருக்கும்போது நாச்சியப்பன் ஒரு துண்டுக் காகிதத்தை அவள் மேஜைமேல் வைத்தார். பாலத்தடிக் காலனியிலிருந்து முடி வாங்குகிறவர்கள் வேஷத்தில் பிள்ளை பிடிக்கும் கும்பல் கிளம்பியிருக்கிறது, அவர்களுக்கு எதிர்க்கட்சி வேட்பாளர் அடைக்கலம் கொடுக்கிறார், ஒரு சிறுமியைக் காணவில்லை என்று அதில் எழுதியிருந்தது. காலனி ஓட்டு எப்போதும் எதிர்ப்பக்கம்தான் விழும். ஊர்க்காரர்கள் காலனியைக் கண்டு பயந்தால் ஊர் ஓட்டு முழுவதும் பூபாலனுக்கு விழும். அவ்வளவுதான் கணக்கு.

"எந்தப் பிள்ளை சார்?" என்று கோமளா கேட்டாள்.

"ஏதோ ஒரு பிள்ளைம்மா."

"பேரு இல்லாம படிச்சா யாரு நம்புவா?"

அதைத்தான் பிற்பாடு அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எதிர்த்துக் கேட்டிருந்தால் சரி. அவள் எதிர்க்கவில்லை, செய்தி சரியாக வரவேண்டுமே என்ற தொழில் அக்கறையில் கேட்டாள். பிறகு பெயரையும் அவளே கொடுத்தாள். மகிழினி. வயது ஏழு. அன்று காலை ஒரு துணிக்கடைக் கண்ணாடிக்குள் தொங்கிய மஞ்சள் கவுனை அவளுக்கு உடுத்தினாள், ஒரு காலுக்கு மட்டும் கொலுசு போட்டாள், மற்றது இழுபறியில் அறுந்து விழுந்திருக்கும் என்று மக்கள் தாங்களாகவே நினைத்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையின் படத்தைக் கம்ப்யூட்டரில் தயாரித்த எடிட்டர் பையன் செல்லத்துரை தன் பங்குக்குக் கன்னத்தில் ஒரு மச்சத்தை வைத்தான். விளக்கு எரிந்தது, கோமளா வாசித்தாள், "கதறி அழும் தாய்" என்ற இடத்தில் குரலை லேசாக உடைத்தாள். மறுநாள் சந்தை மைதானத்து மேடையில் பூபாலன் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, துண்டால் கண்ணைத் துடைத்து, முழுதாக இரண்டு நிமிஷம் அழுதார்.

மூன்றாம் நாள் மத்தியானம் சன்னாசி தன் பழைய மொபெட்டில் எவர்சில்வர் கிண்ணங்களைக் கட்டிக்கொண்டு பிள்ளையார் கோயில் தெருவுக்குள் வந்தார். இருபது வருஷமாக வருகிறவர். பெண்கள் தலைசீவும்போது உதிரும் முடியைச் சுருட்டிச் சேர்த்து வைத்திருப்பார்கள், அதை வாங்கிக்கொண்டு கிண்ணமோ கரண்டியோ கொடுப்பார். தெருமுனையில் அவரை நிறுத்திச் சாக்கைக் கொட்டினார்கள். சாக்கு நிறைய நீளநீளமாகப் பெண்களின் முடி கிடந்தது. அது தங்கள் வீட்டுப் பெண்களின் முடிதான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாற்பது பேர் இருந்தார்கள் என்று சொல்கிறார்கள். ஆம்புலன்ஸ் பிரச்சார வண்டிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றது. பூபாலன் அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பிள்ளை பஸ்ஸைவிட்டு இறங்கி, மாடிப்படி ஏறி, கதவைத் தட்டினாள்.

கோமளா திறந்தாள், பார்த்தாள், நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே என்னைச் சொன்னீங்க?" என்றாள் பிள்ளை. "ரொம்ப தூரத்துல இருந்து வர்றேன். பசிக்குது."

"உங்க அம்மா பேரு என்னம்மா?"

"கதறி அழும் தாய்."

"அப்பா?"

"கூலித் தொழிலாளி."

"எந்தத் தெரு?"

"பெயர் வெளியிட விரும்பாத பகுதி" என்று கோமளாவின் செய்தி உச்சரிப்பிலேயே ஒப்பித்துவிட்டு, செருப்பில்லாத காலோடு உள்ளே வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

ஊர் அவளை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். குளிப்பாட்டும்போது அவள் வயிற்றில் தொப்புள் இல்லை, வயிறு புதுப்பானையைப் போல வழவழவென்று இருக்கிறது என்று கண்டார்கள். தலையில் பேன் இருக்கிறது என்று சொல்வதைப்போல அதை ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டு, பவுடர் போட்டு, பொட்டு வைத்தார்கள். ஒருத்தி இட்லி கொண்டுவந்தாள், ஒருத்தி பழைய பாவாடை கொண்டுவந்தாள், பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியை பிறப்புச் சான்றிதழ் பிறகு வரட்டும் என்று இரண்டாம் வகுப்பில் உட்காரவைத்தார். பிள்ளை கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் யாரும் சன்னாசியைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலிருப்பது சுலபமாகவும் இருந்தது.

பூபாலனும் சும்மா இருக்கவில்லை. "மகிழினி மீட்பு, எம்எல்ஏ அதிரடி" என்று கீழ்த்திசை டிவியில் நாள் முழுக்க ஓடியது. அதே சந்தை மைதானத்தில் மேடை போட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மைக்கை அவள் வாயருகே நீட்டி, "பயப்படாம சொல்லு கண்ணு, யாரு உன்னைத் தூக்கிட்டுப் போனது?" என்று கேட்டார்.

"யாரும் தூக்கிட்டுப் போகலை" என்று அவள் குரல் நாலு கம்பத்திலும் கட்டிய ஒலிபெருக்கிகளில் கேட்டது. "நீங்க இங்க நின்னு அழுதீங்கள்ல, அப்பத்தான் எனக்குக் கண்ணு தெறந்துச்சு. அதுக்கு முன்னாடி நான் எங்கயும் இல்லை."

மைக் அணைந்தது. பிள்ளைக்கு அதிர்ச்சியில் நினைவு தப்பிவிட்டது என்று மறுநாள் டிவியில் ஒரு டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாரம் ஊரில் யாரும் உரக்கப் பேசவில்லை. பிள்ளையார் கோயில் தெருவில் ஆண்கள் வேலைக்குப் போய் வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் பொன்னுக்கிளி வந்தாள். சன்னாசியின் மனைவி. நெடுநெடுவென்று உயரம், முன்பல்லில் ஒன்று இல்லை, பாலத்தடிக் காலனியிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தாள். கோமளா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"நான் பிள்ளையைத்தான் பாக்க வந்தேன்" என்றாள்.

மகிழினி வந்து நின்றாள். பொன்னுக்கிளி குனிந்து, அவள் முகத்தை வெகுநேரம் பார்த்து, கன்னத்து மச்சத்தை விரலால் தொட்டாள். "உனக்காகத்தான்டி எம் புருஷனைக் கொன்னாங்க."

"எனக்கு அவரைத் தெரியாது."

"தெரியும். உனக்கு அவரைத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டி." அவள் நிமிர்ந்து கோமளாவைப் பார்த்தாள். "ஏம்மா, உங்க டிவியில உக்காந்து அந்தப் பொய்யைச் சொன்னியே. எம் புருஷன் ஓட்டுப் போடுறவருதானே, நானும் போடுறவதானே. பொய்யைச் சொல்லி ஜெயிச்சா செல்லாதுன்னு சட்டத்துல இருக்காம். வக்கீலம்மா சொன்னாங்க. ஓட்டுப் போடுறவங்க யாரு வேணும்னாலும் நாப்பத்தஞ்சு நாளுக்குள்ள கேஸ் போடலாமாம். தோத்துப்போன வேட்பாளர்கிட்ட போனேன், எதுக்கு வம்புன்னுட்டார். அதனால நானே போடப்போறேன். எனக்கு உள்ளாள் ஒருத்தர் வேணும், அது பொய்யினு தெரிஞ்சேதான் சொன்னோம்னு கோர்ட்டுல வந்து சொல்றதுக்கு."

"அக்கா..." என்றாள் கோமளா. அதற்குமேல் வரவில்லை. பதினோரு வருஷம் தண்ணீர் மாதிரி ஓடிய வாய்.

முதலில் உடைந்தவன் செல்லத்துரை. சன்னாசியின் சாக்கில் கிடந்த முடி கனவில் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவன், ஒருநாள் காலனிக்கே போய்ப் பொன்னுக்கிளியின் காலில் விழுந்து, அந்தப் படமே பொய், மச்சம் நான் கம்ப்யூட்டரில் வைத்தது என்று அழுதுவிட்டான். அதே நேரத்தில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கோமளாவின் வீட்டில் கண்ணாடி முன்னால் பொட்டு வைத்துக்கொண்டிருந்த பிள்ளை, "அக்கா, என் மச்சம் போயிடுச்சு" என்றாள். கோமளா வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தாள். இருந்த சுவடே இல்லை. செல்லத்துரை அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினான். அதன்பிறகு அவன் எண் உபயோகத்தில் இல்லை. கோமளா அந்தக் கன்னத்தைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள். ஒருவன் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டால் ஒரு மச்சம் போகிறது. மிச்சத்தையெல்லாம் செய்தவள் ஒப்புக்கொண்டால் மிச்சமெல்லாம் போகும். இதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

பொன்னுக்கிளி வழக்குப் போட்டாள். வழக்கு வந்ததும் நெடுவரம்புக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

பிள்ளை நிஜம் என்றால் டிவி சொன்னது நிஜம், பூபாலன் அழுதது நிஜம், பிள்ளையார் கோயில் தெருவில் அடித்த நாற்பது பேரும் ஒரு பிள்ளைக்காக அடித்தவர்கள். பிள்ளை பொய் என்றால் அவர்கள் ஒன்றுமில்லாததற்காக ஒரு மனிதனைக் கொன்றவர்கள். அதனால் ஊர் அவளை ஞாபகப்படுத்திக்கொண்டது. பிரசவம் பார்த்த நர்ஸ் அவள் பிறந்த அன்று பெய்த மழையைச் சொன்னாள், மழையில் கரண்ட் போய் டார்ச் விளக்கில் குழந்தையை எடுத்ததைச் சொன்னாள்; ஒருவர் அவள் காதுகுத்துக்குத் தான் போட்ட பந்தலைச் சொன்னார், அதில் சாப்பிட்டவர்கள் பாயசத்தில் இனிப்புக் குறைவு என்றார்கள்; அவளோடு அங்கன்வாடியில் படித்ததாக ஆறு பிள்ளைகள் சொன்னார்கள், அவள் கடித்த தழும்பு என்று ஒருவன் முழங்கையைக் காட்டினான், தழும்பும் இருந்தது. யாரும் பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல அவர்கள் கண்ணில் நீர் வந்தது. நூற்று எழுபது பேர் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டுக்கு மனு அனுப்பினார்கள்.

வழக்கு இழுத்த பத்து மாதமும் பிள்ளை கோமளாவின் வீட்டில் இருந்தாள். அவள் வளரவில்லை, பல் விழவில்லை, மஞ்சள் கவுன் அளவு குறையவில்லை. ஆனால் செய்தியில் இல்லாத காரியங்கள் ஒவ்வொன்றாக அவளிடம் சேர்ந்தன. பாகற்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். நாயைக் கண்டால் கோமளாவின் பின்னால் ஒளிந்தாள். 'ற'வை எப்போதும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதினாள். இவற்றை நான் சொல்லவில்லையே, இவை எங்கிருந்து வந்தன என்று கோமளா யோசிப்பாள்; யோசித்துக்கொண்டே சடையை இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பின்னுவாள். வேலைக்குப் போவதை அவள் நிறுத்தியிருந்தாள். அவளுடைய நாற்காலியில் இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து, அதே இடத்தில் குரலை உடைத்து வாசித்தாள்.

சாட்சி விசாரணைக்கு நாலு நாள் இருக்கையில் நாச்சியப்பன் வந்தார். மத்தியான வெயில், வேர்த்திருந்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறப்புச் சான்றிதழ். அரசாங்க முத்திரை. குழந்தையின் பெயர் மகிழினி. தாயின் பெயர் இருந்த இடத்தில் கோமளவல்லி என்று எழுதியிருந்தது.

"வேற பேரும் போட்டிருக்கலாம்" என்றார். "உன் பேருதான் சரின்னு பட்டுச்சு. நீ கோர்ட்டுல ஒண்ணும் புதுசா சொல்ல வேண்டாம்மா. பிள்ளை காணாமப் போச்சு, திரும்பி வந்துடுச்சுன்னு சொன்னாப் போதும். அவ ஸ்கூல் போவா, பெரியவ ஆவா, உன்னை வச்சுக் காப்பாத்துவா."

"வளரலையே சார் அவ."

"சான்றிதழ் வந்தாச்சுல்ல. இனிமே வளருவா."

அவர் சொன்னது நடக்கும் என்று கோமளாவுக்குத் தோன்றியது. அதுதான் பயங்கரமாக இருந்தது. "அப்ப சன்னாசி?" என்று கேட்டாள்.

"போனவரு போயிட்டாரும்மா. இருக்கிற பிள்ளையை நீ கொல்லப் போறியா?" என்றார் நாச்சியப்பன். மிரட்டலாகச் சொல்லவில்லை, நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார்.

அவர் படியிறங்கிப் போனபிறகு பிள்ளை சமையலறையிலிருந்து வந்து, காகிதத்தை எடுத்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"இதுல இருக்கிறது நிஜமா அக்கா?"

"இல்லை."

"நான் பஸ்ல வரும்போது கேட்டேன், ஒரு ஆளு 'முடிக்குப் பாத்திரம், முடிக்குப் பாத்திரம்'னு கூவிக்கிட்டே போனாரு. ஜன்னல் வழியாப் பாத்தேன், ரோட்டுல யாரையும் காணோம். சத்தம் மட்டும்தான் வந்துச்சு." அவள் காகிதத்தை மேஜையில் வைத்தாள். "எனக்கு ஒண்ணும் வலிக்காதுக்கா. மச்சம் போனப்பக்கூட வலிக்கலை."

"எனக்கு வலிக்குமேடி" என்றாள் கோமளா. செய்தியில் பிள்ளைக்கு அதற்குப் பதில் யாரும் எழுதித் தந்திருக்கவில்லை.

பொன்னுக்கிளியின் வக்கீலம்மா முன்கூட்டியே எச்சரித்தார்: பொய் என்று தெரிந்து வாசித்தேன் என்று சொன்னால், சன்னாசி கொலை வழக்கில் நீங்களும் சேர்க்கப்படுவீர்கள். கோமளா தலையாட்டினாள்.

கோர்ட்டு அறையில் பொன்னுக்கிளி இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைத் தனியே விட்டுவர ஆளில்லாததால், கோமளா சாட்சிக் கூண்டு ஏறும்போது அவளைப் பொன்னுக்கிளியிடம்தான் விட வேண்டியிருந்தது. பொன்னுக்கிளி சற்று நேரம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வக்கீலம்மா கேட்டார். "மகிழினி என்ற ஏழு வயதுச் சிறுமி காணாமல் போனதாக நீங்கள் செய்தி வாசித்தீர்கள். அன்றைக்கு அப்படி ஒரு குழந்தை இருந்ததா?"

பூபாலனின் வக்கீல் எழுந்தார். "இருந்ததா என்ன, இருக்கிறாள்! அதோ உட்கார்ந்திருக்கிறாள்! ஊரே கையெழுத்துப் போட்டிருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. சாட்சி ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லட்டும்."

நீதிபதி பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு பூபாலனும் திரும்பி, மேடையில் பார்த்த அதே கனிந்த முகத்தோடு பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். கோமளாவும் பார்த்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, காலையில் அவசரத்தில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் போட்ட சடைகள், தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்த கால்கள். பிள்ளை மெல்லத் தலையசைத்தாள்.

கோமளா கண்ணை மூடவில்லை. மூடினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும் என்று நினைத்தாள்.

"இல்லைங்க ஐயா" என்றாள். பிறகு, பதினோரு வருஷம் பழகிய குரலில், ஒரு சொல்லும் தடுக்காமல், எந்த இடத்திலும் உடைக்காமல் சொன்னாள். "மகிழினின்னு ஒரு பிள்ளை இல்லை. காகிதம் கொடுத்தது நாச்சியப்பன். பூபாலன் மேடையில அழுறதுக்கு முன்னாடியே எங்க ஆபீஸுக்கு போன் பண்ணி, பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கீங்கன்னு கேட்டார், நான்தான் எடுத்துச் சொன்னேன். பேரு வச்சது நான். கவுன் போட்டது நான். ஒரு கொலுசைக் கழட்டுனது நான். சன்னாசி யாரையும் தூக்கலை. அவரு சாக்குல இருந்தது எங்க எல்லாரோட முடி."

பெஞ்சில் பொன்னுக்கிளியின் கை, எதையோ பிடித்தபடி மூடியிருந்த வாக்கில், மடிமேல் வெறுமையாக இருந்தது. அவள் பக்கத்து இடத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். தேங்காயெண்ணெய் வாசம் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் கோர்ட்டு வந்ததிலிருந்து அழாதவள் அப்போது அழுதாள். அறையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார். பூபாலனின் வக்கீல், விரித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், காலியான பெஞ்சைக் காட்டிக்கொண்டே நின்றார். நெடுவரம்பில் நூற்று எழுபது பேருக்கும் அந்த நிமிஷத்தில் ஒரு மழையும் ஒரு பந்தலும் மறந்துபோயின. ஒரு பையன் முழங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு விளையாடப் போனான். நாற்பது பேருக்கு மட்டும், சாக்கிலிருந்து கொட்டிய முடி ஒவ்வொரு சுருளாக, எந்த வீட்டுப் பெண்ணுடையது என்று ஞாபகம் வந்தது.

தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பூபாலன் ஆறு வருஷம் நிற்கக்கூடாது; இடைத்தேர்தலில் அவர் மனைவி நின்றாள், கீழ்த்திசை டிவி வேறு பெயரில் ஓடியது, அவள் இருநூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றாள் என்பது மட்டும்தான் நல்லதென்று சொல்ல மிஞ்சியது. நாச்சியப்பன் கைதாகி மூன்றாம் வாரம் ஜாமீனில் வந்தார். நாற்பது பேரில் ஒன்பது பேரை அடையாளம் கண்டார்கள். பொன்னுக்கிளி தீர்ப்பின் நகலைச் சன்னாசியின் மொபெட்டின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அதே மொபெட்டில் முடி வாங்கக் கிளம்பினாள். பிள்ளையார் கோயில் தெருவுக்கு மட்டும் போகவில்லை.

சன்னாசி கொலை வழக்கில் கைதான கோமளாவை யாரும் ஜாமீனில் எடுக்க வரவில்லை, அவளும் கேட்கவில்லை. பெண்கள் சிறையின் வாசல் அறையில், கண்ணாடி போட்ட ஒரு வார்டர் பெயர், ஊர், வயது, உயரம் எல்லாம் வரிசையாகக் கேட்டு நோட்டில் எழுதினாள். அந்த அம்மாள் அவள் குரலை டிவியில் கேட்டிருக்கிறாள்போல, நடுவில் ஒருமுறை நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"பிள்ளைங்க இருக்காங்களா?"

பேனா காத்திருந்தது. வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"இல்லை" என்றாள் கோமளவல்லி. அது உண்மைதான். எழுதிக்கொள்ளும்வரை அவள் நின்றாள்.